வாசிக்கத் திணறும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்ய முடியும்?

கடலூர் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கும். அந்தத் தடை முடியும் நேரமும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. தேவனாம்பட்டினத்திலோ சோனாங்குப்பத்திலோ ஒரு வீட்டில் கையிருப்பு சுத்தமாகக் கரைந்துபோயிருக்கும் வாரத்தில்தான் பிள்ளை புது வகுப்புக்குள் நுழைகிறது. பண்ருட்டிப் பக்கம் கோடையில் முந்திரிக்கொட்டை வேலை. பொங்கல் கழித்துச் செங்கல் சூளைக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஊர் திரும்ப மே, ஜூன் ஆகிவிடும். கூடவே போன பிள்ளைக்கு மூன்றாம் பருவப் பாடம் என்ற ஒன்றே இல்லாமல் போகும்.

மழைக்காலம் வேறு. 2004 டிசம்பரில் சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளம். இந்த நான்கும் அரையாண்டுத் தேர்வை ஒட்டிய வாரங்களில் வந்தவை. 2024-ல் பாதிக்கப்பட்ட பள்ளிகளுக்குத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. தேர்வைத் தள்ளி வைக்கலாம். நனைந்துபோன நோட்டையும், முகாமில் கழிந்த நாட்களில் நடக்காமல் போன பின்னக் கணக்கையும் யார் திருப்பித் தருவது?

'படிப்பு ஏறாத பிள்ளை' என்று நாம் சொல்லும் பலருக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஏதோ ஒரு வகுப்பில், ஏதோ ஒரு மாதத்தில், ஒரு பாடம் கைநழுவிப் போயிருக்கும். அதன்மேல் ஏறி நிற்கும் அடுத்த பாடமும் போகும். ஏழாம் வகுப்புக்கு வரும்போது ஆசிரியர் கண்ணில் படுவது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். அல்லது வாயை மூடவே தெரியாத ஒரு பையன். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. தனக்குத் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம்.

இப்படிப்பட்ட பிள்ளைகள்மேல் அக்கறை காட்ட வேண்டும், நல்லொழுக்கம் வளர்க்க வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். அக்கறை என்றால் அன்பாகப் பேசுவது என்றும், ஒழுக்கம் என்றால் அறிவுரை சொல்வது என்றும் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோனான் என்று உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியர் காட்டக்கூடிய முதல் அக்கறை. அவனை நம்பி ஒரு வேலையைக் கொடுப்பதிலிருந்துதான் குணம் வளரத் தொடங்குகிறது. இந்த இரண்டும் இல்லாமல் காட்டும் அன்பு, பிள்ளையைத் தட்டிக்கொடுத்து அதே இடத்தில் உட்கார வைத்துவிடும்.

கொம்பும் காலும்

கடற்கரையை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில், மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்த நேரம். தமிழாசிரியை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாளில் சொற்களை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். மரம், படம், காகம், படகு, கடல். தடங்கல் இல்லாமல் வாசித்தான். அடுத்து 'கொடு' என்று எழுதினார். நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "கடு" என்றான். 'மேகம்' என்று எழுதினார். "மகம்." 'தோணி' என்றதும் அவன் எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தான்.

அவ்வளவுதான், நோய் பிடிபட்டுவிட்டது. அவனுக்கு எழுத்து தெரியும். கொம்பு தெரியாது. தமிழ் எழுத்தில் இது ஒரு உண்மையான கஷ்டம். எழுத்தறிந்த நமக்கு மறந்துபோன கஷ்டம். 'கொ' என்பதைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாயில் வருவதோ முதலில் க், பிறகு ஒ. மூன்று துண்டுகளைப் பார்த்து, வரிசையை மனத்துக்குள் மாற்றி, ஒரே ஒலியாக்க வேண்டும். ஒற்றைக் கொம்பு குறில், இரட்டைக் கொம்பு நெடில். இதை ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யாமல் விட்ட பிள்ளை, கொம்பில்லாத சொற்களை வாசித்துவிட்டு மற்றவற்றை ஊகத்தில் ஓட்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஊகம் தாங்கும். பக்கத்திலிருப்பவன் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆறாம் வகுப்பில் பாடம் நீண்டதும் குட்டு உடைந்துவிடும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வாசிக்க மாட்டான். வெட்கம். அந்த ஆசிரியை செய்தது எனக்குப் பிடித்தது. அவன் வீட்டில் புழங்கும் மீன் பெயர்களை எழுதினார். நெத்திலி. கொடுவா. கெளுத்தி. கானாங்கெளுத்தி. கொம்பு வரும் சொற்களாகவே பார்த்துப் பொறுக்கியிருந்தார். "கெ" என்று மெல்ல ஆரம்பித்தவன் மீதியைத் தானே முடித்துவிட்டான், அது என்ன மீன் என்று அவனுக்குத் தெரியுமே. பிறகு பேருந்துப் பலகைகள்: நெய்வேலி, நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில். தினமும் கால்மணி நேரம், அதே வராந்தா. வலையில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்தால் அந்தக் கண்ணியை மட்டும் முடிந்தால் போதும், முழு வலையையும் புதிதாகப் பின்ன வேண்டியதில்லை.

'வகுப்புக்கு ஏற்ற பாடம்' என்பதை விட்டுவிட்டு 'பிள்ளை இருக்கும் நிலைக்கு ஏற்ற பாடம்' என்று போவது இந்தியாவில் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி. கல்விக்காக வேலை செய்யும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு இதைப் பல மாநிலங்களில் செய்தது. அதன் பலனை அளந்து பார்த்த ஆய்வாளர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அதே கருத்தில் நிற்பது. ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட வந்த இல்லம் தேடிக் கல்வியும் 2021 அக்டோபரில் நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. சிறு பிள்ளைகளுக்குக் கவனிப்பு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இருப்பவர்கள் இடையில் விடுபட்டார்கள். 2025-ல் அந்த வகுப்புகளுக்கென்று திறன் இயக்கம் வந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் திட்டம் என்பது கையேடும் தேர்வும் மட்டுமாகச் சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. "நீ திறன் பேட்ச்சா?" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தால், 'மெல்லக் கற்போர்' என்ற பழைய முத்திரைக்குப் புதுப்பெயர் வைத்ததாகத்தான் முடியும். எந்தப் பிரிவும் நிரந்தரம் இல்லை, போன மாதம் அங்கே இருந்தவன் இந்த மாதம் இங்கே வந்துவிட்டான் என்பது வகுப்பு முழுவதற்கும் கண்ணெதிரே தெரிய வேண்டும்.

கணக்கிலும் இதே கதைதான். சனி, ஞாயிறு அம்மாவோடு மீன் விற்கப் போகும் பெண், கிலோ 280 ரூபாய் என்றால் முக்கால் கிலோ என்ன, 500 ரூபாய்க்குச் சில்லறை என்ன என்று வாயாலேயே சொல்லிவிடுவாள். அதே கணக்கைக் கரும்பலகையில் தசமமாக எழுதினால் முழிப்பாள். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சந்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளி மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டு கரைக்கும் நடுவே யாரும் பாலம் போடவில்லை என்பதே அதில் தெரியும் உண்மை. அந்தப் பெண்ணிடம் "முக்கால் கிலோவுக்கு எப்படிக் கணக்குப் போட்டே, சொல்லும்மா" என்று கேட்டு, அவள் சொல்லும் வழியைப் பலகையில் எழுதிக் காட்டுவது ஒரு பீரியட் வேலை. தனக்கும் கணக்கு வரும் என்று அவளுக்குத் தெரிய வருவது அன்றைக்குத்தான்.

வயிறு, கண், ரத்தம்

வடலூரில் 1867-ல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்பது நம் மாவட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பசித்தவனிடம் எந்த உபதேசமும் எடுபடாது, முதலில் சோறு என்ற தெளிவு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1956-ல் காமராசர் கொண்டுவந்த மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் அந்தத் தெளிவின் தொடர்ச்சி. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பு முதல் இரண்டு பீரியட்டும் மதியச் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கேட்டால் உப்புமாவின் அருமை புரியும். ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி குறைந்துவிடுமா என்ன?

கரும்பலகை தெரியாத பிள்ளை "தெரியல" என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும். காப்பியடிக்கிறான் என்று அடி விழும். அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் கண்ணொளி காப்போம் திட்டத்தில் உண்டு. கண்ணாடி வந்த பிறகும் போட்டுக்கொள்ளாத பிள்ளைகள் பலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். கேலி செய்வார்கள் என்று பைக்குள்ளேயே கிடக்கும். "கண்ணாடி எங்கம்மா?" என்று தினம் ஒரு தடவை கேட்க ஒரு வகுப்பாசிரியர் வேண்டும். ரத்தசோகையும் அப்படித்தான். வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு, மதியம் வரும் தூக்கத்துக்கும் அந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்றாகப் பேசுவார்கள், கேட்டால் புரிந்துகொள்வார்கள், சொல்லிக்கொடுத்தால் நினைவில் வைப்பார்கள். எழுத்தைக் கண்டால் மட்டும் திணறல். வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் மாறாவிட்டால் அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பித்தால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதித் தர ஒருவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிகிறது. குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. சந்தேகம் இருந்தால் எட்டாம் வகுப்பிலேயே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்து மதிப்பெண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டு ஓடினால் காலம் கடந்துவிடும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வாசிக்கத் திணறுபவர்களில் குறைபாடு உள்ளவர்கள் ஒரு பகுதிதான். ஒழுங்காகக் கற்றுத் தராததற்கெல்லாம் குறைபாடு என்று பெயர் வைத்துவிடக் கூடாது.

யாராவது ஒருவர்

எம்மி வெர்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை அவர்கள் நாற்பது வயதைத் தொடும் வரை பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை நிறைந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். எப்படி என்று தேடியபோது கிடைத்த காரணங்களில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: அந்தப் பிள்ளைக்கென்று மாறாமல் நின்ற ஒரு பெரியவர். பாட்டியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பல இடங்களில் அது ஓர் ஆசிரியராக இருந்தது.

நம் ஊர்க் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. அப்பா கடலில், அம்மா விடியுமுன் ஏலத்துக்குப் போய்விடுவார், ஆயா, அதாவது பாட்டிதான் தலை வாரி அனுப்புவார். ஆயா இறந்த வருடம் அந்தப் பிள்ளை படிப்பில் கீழே இறங்கிவிடும். அதை ஒரு ஆசிரியராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒருவரே பெற்றோராக முடியாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு ஆசிரியரும், பி.டி. சாரும் கம்ப்யூட்டர் மிஸ்ஸும் உட்பட, நான்கைந்து பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டு, வாரம் இரண்டு முறை "என்னடா, நேத்து ஏன் வரல?" என்று கேட்டாலே பெரிய மாறுதல் வரும். சத்துணவுக் கூடத்து அக்காவுக்கு எந்தப் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்கிறது என்று தெரியும். அவரையும் சேர்த்துக்கொண்டு பேசும் ஆசிரியர் கூட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

எதிர்பார்ப்புக்கும் பலம் உண்டு. உளவியலாளர் ராபர்ட் ரோசென்தால் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த சில பிள்ளைகளைக் காட்டி "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறப் போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். சிறிய வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாக முன்னேறினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வகுப்பறையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கேள்வி கேட்டுவிட்டு, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல நேரம் கொடுப்போம். திணறும் பிள்ளையிடம் இரண்டு நொடியில் "சரி, உட்காரு" என்போம். அந்த "சரி, உட்காரு" வருடத்துக்கு எத்தனை நூறு முறை விழுகிறது!

அடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "கண்ண மட்டும் விட்டுட்டு மீதியெல்லாம் உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே வந்து சொல்வது நம் பக்கம் வழக்கம். அந்தத் தாய் கொடூரக்காரி இல்லை. தான் படிக்காமல் பட்ட பாட்டைப் பிள்ளை படக் கூடாது என்ற பதைப்பில் பேசுகிறார். ஆனால் 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதுவே சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கொம்பு தெரியாத பிள்ளையை அடித்தால் கொம்பு தெரிந்துவிடாது. அடி விழும் பாடவேளையில் பள்ளிக்கு வராமல் இருக்க மட்டும் தெரிந்துகொள்ளும். கைநீட்டாத ஆசிரியர்களிலும் சிலர், "உன் அண்ணனும் இப்படித்தான், உங்க வீட்டுக்கே படிப்பு வராது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மன உளைச்சல் என்று சட்டம் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

குணம் எங்கே வளர்கிறது

நீதிபோதனை பீரியட் கால அட்டவணையில் இருக்கும். பத்தாம் வகுப்பில் அதைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் அதிகாரங்களை ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் கற்பிக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் பொறுமை பற்றிய குறளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை, பொறுமையான ஒரு பெரியவரோடு பழகாவிட்டால் அது இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே நின்றுவிடும்.

குணம் பழக்கத்தில் வருகிறது. பழக்கம் பொறுப்பில் வருகிறது. வழக்கமாகப் பள்ளியில் பொறுப்பெல்லாம் யாருக்குப் போகும்? முதல் மதிப்பெண் எடுப்பவள் லீடர், இரண்டாவது எடுப்பவன் துணை லீடர். காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பதும் அவர்களே, விருந்தினருக்கு மாலை போடுவதும் அவர்களே. திணறும் பிள்ளைக்குக் கிடைப்பது பெஞ்ச் தூக்கும் வேலை. 2024 நவம்பரில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ் முற்றம் இதைக் கொஞ்சம் உடைக்க வாய்ப்புத் தருகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்திருப்பார்கள். அதன் தலைவர்களையும் மதிப்பெண் பட்டியலை வைத்தே தேர்ந்தெடுத்தால் ஒரு பயனும் இல்லை.

ஓர் எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வாசிப்பு அவளுக்கு நாலாம் வகுப்பு அளவில்தான் இருந்தது. அவளிடம் அந்தப் பள்ளியில் கொடுத்த பொறுப்பு, வாரம் மூன்று நாள் மதியம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது. சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை அவள் கையில் வைத்திருப்பதில் இப்போது வெட்கம் இல்லை, அவள்தானே அங்கே டீச்சர்! முதல் நாள் சாயந்திரமே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவாள். தடுக்கும் சொற்களின் கீழே பென்சிலால் மெல்லக் கோடு போட்டு வைப்பாள். நரிக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரல் என்று தம்பியிடம் பேசிப் பார்ப்பாள். மறுநாள் தடுக்காமல் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஒரே பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பாளோ. அவளுக்கு யாரும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கவில்லை. அவள் வராத நாளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் "அக்கா எங்கே" என்று தேடிக்கொண்டு எட்டாம் வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் காரணமில்லாமல் விடுப்பு எடுப்பது குறைந்துபோனது. வாசிப்பும் பொறுப்பும் நேரந்தவறாமையும் ஒரே வேலையில் வளர்ந்தன.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துப் பள்ளி 1943-ல் அன்னையின் முயற்சியால் தொடங்கியது. தேர்வும் பட்டமும் இல்லாமல், பிள்ளையின் வேகத்துக்குப் படிப்பை விடும் முறை அங்கே. அந்த வசதி, அந்த ஆசிரியர் எண்ணிக்கை நம் குப்பத்துப் பள்ளிக்கு வராது. அப்படியே எடுத்து ஒட்டவும் முடியாது. ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: பிள்ளையை அவனுடைய போன மாதத்தோடு ஒப்பிடுவது. "போன மாசம் நிமிஷத்துக்கு இருபது சொல் வாசிச்சே, இப்ப முப்பத்தஞ்சு" என்று சொல்ல ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டும் போதும்.

தவறு செய்யும்போதுதான் குணம் வளர்க்கும் வேலைக்கு உண்மையான சோதனை வருகிறது. வகுப்பில் காசு காணாமல் போனால் முதலில் யார் பையைச் சோதிக்கிறோம்? எப்போதும் கடைசி பெஞ்ச். அதிலும் எந்தத் தெருப் பிள்ளை என்று ஆசிரியரின் கண் தானாகவே போகிறது. காசு வேறு யாரிடமோ கிடைத்த பிறகும், எல்லோர் முன்னும் பை கவிழ்க்கப்பட்ட பிள்ளையிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. அந்த ஒரு நாள் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த நீதிபோதனை வகுப்பும் அழிக்காது. உண்மையிலேயே எடுத்தவன் அவனாக இருந்தாலும், தனியே கூப்பிட்டு என்ன நடந்தது, யாருக்கு நஷ்டம், எப்படிச் சரிசெய்யப் போகிறாய் என்று மூன்று கேள்வி கேட்டு, அவன் வாயாலேயே வழி சொல்ல வைத்து, அதை அவன் செய்து முடிக்கும் வரை கூட நிற்பது நேரம் பிடிக்கும் வேலை. டி.சி. கிழித்துக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை.

சாதியைப் பேசாமல் நம் மாவட்டத்தில் ஒழுக்கத்தைப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதி நிறக் கயிறு கூடாது, மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதில் சில. சிலர் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். கடைசி பெஞ்ச் எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு உட்கார விட்டால் ஊரும் சேரியும் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றாக உட்கார்ந்து, ஒரே குழுவில் வேலை செய்து, ஒருவன் நோட்டை இன்னொருவன் இரவல் வாங்கிப் பழகுவதைவிடப் பெரிய நற்பண்புப் பாடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பு

இவ்வளவையும் செய்யும் பள்ளிகள்கூடத் தடுமாறும் இடம் ஒன்பதாம் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடும் எட்டாம் வகுப்போடும் முடிகிறது. அடுத்து நிற்பது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பொதுத்தேர்வு முடிவில் கடலூர் மாவட்டம் மாநிலத்தின் பின்வரிசையில் நின்ற ஆண்டுகள் உண்டு. அந்தப் பழி பள்ளிகளின் மேல் விழுந்தபோது பல இடங்களில் உழைப்பு கூடியது. காலையிலும் மாலையிலும் ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லிப் டெஸ்ட், தேர்ச்சி பெறும் அளவுக்கு மட்டும் மினிமம் மெட்டீரியல். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மினிமம் மெட்டீரியலைப் பிடித்துக்கொண்டு கரையேறி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று போய் நன்றாக இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் நூறு சதவீதம் என்ற பலகையைப் பள்ளி வாசலில் வைக்க வேண்டும் என்ற ஆசை, திணறும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே ஓசையில்லாமல் வெளியே அனுப்பச் சொல்கிறது. யாரும் "வராதே" என்று சொல்வதில்லை. "இங்க கஷ்டம்மா, வேற ஸ்கூல்ல சேர்த்துக்கங்க", "டுட்டோரியல்ல சேர்ந்து பிரைவேட்டா எழுதட்டும்" என்பார்கள். பையன் படகுக்கோ சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்கோ போவான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 2024-ல் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் இந்தப் பிள்ளைகள் கல்லூரி வாசலுக்கு வந்தால்தானே?

புதுச்சேரியில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறின. நன்றாகப் படிப்பவர்களுக்கு அது ஒரு புது வாய்ப்பு. ஏற்கெனவே வாசிப்பில் இரண்டு மூன்று வகுப்பு பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கோ, கால் ஊன்றியிருந்த மணலும் நகர்ந்ததுபோல ஆகிவிட்டது. பாடத்திட்டம் எதுவானாலும் முதலில் வாசிப்பைச் சரிசெய்யும் ஒரு வேலை தனியாக நடந்தாக வேண்டும். அதற்குத் தனி நேரமும் தனி ஆளும் ஒதுக்க வேண்டும்.

ஆசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், பயிற்சி, கணக்கெடுப்பு, காலிப் பணியிடம், இவற்றுக்கு நடுவே வராந்தாவில் உட்கார்ந்து கொம்பு சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை ஒரு தனி ஆசிரியரின் தியாகமாக விட்டுவிடக் கூடாது என்கிறேன். கால அட்டவணையில் தினம் ஒரு பீரியட் இதற்கென்று தலைமையாசிரியர் ஒதுக்கினால் மட்டுமே நிலைக்கும். பெற்றோரைப் பார்க்கப் போவதற்கும் நேரம் தெரிந்து போக வேண்டும். காலையில் மீன்காரம்மாவின் வீட்டுக்குப் போனால் பூட்டுதான் இருக்கும். சாயந்திரம் போனால், "வாங்க சார், உக்காருங்க" என்று பாயை உதறிப் போட்டுவிட்டு, பிள்ளையைப் பற்றி முதல் புகார் எப்போது வரும் என்று கலவரத்தோடு பார்ப்பார். புகாரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவன் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லித் தொடங்கினால் அந்த வீட்டுக் கதவு அடுத்த முறையும் திறந்திருக்கும்.

பெற்றோருக்கும் கையில் ஒரு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலான கூட்டங்களில் கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீர் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கலைகிறோம். அவையும் வேண்டும்தான். அடுத்த கூட்டத்தில் ஒரு கணக்கையும் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் இந்த ஊரிலிருந்து எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? நடுநிலைப்பள்ளியாக இருந்தால் பிள்ளைகள் சேர்ந்த உயர்நிலைப்பள்ளியில் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். விடுபட்டவர்களின் பெயரைப் பட்டியலாக எழுதி, இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். அதே தெருவில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை ஆபத்தான வேலையில் இருந்தாலோ, கல்யாண ஏற்பாடு நடந்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம். மறுபடி சேர்வதற்கோ, தனித்தேர்வராக எழுதுவதற்கோ வழி கேட்கக் கல்வி உதவி எண் 14417 இருக்கிறது.